மூளைக்குள்ள "சும்மா இரு"ன்னு சொல்ற செல்லுங்க படிக்கிறதுக்கு எப்படி உதவும்?

கேள்வி: டாக்டர், எனக்கு 41 வயசு. ஆபீஸ்ல ப்ரமோஷன் எக்ஸாமுக்கு படிச்சிட்டிருக்கேன், ரொம்ப வருஷம் கழிச்சு புக்க தொடுறேன். கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு சாப்டர அடுத்தடுத்து படிச்சா ஒண்ணுல இருக்கிறது இன்னொண்ணுல போய் ஒட்டிக்குது. இந்த வயசுல மண்டைல ஏறாதோன்னு பயமா இருக்கு. போன தடவை இதே எக்ஸாம்ல ஃபெயில் ஆனது வேற, புக்க திறந்தாலே ஞாபகத்துக்கு வருது. தூக்கம் வராததால சில மாசமா ராத்திரி அல்பிரசோலம் 0.25 போடுறேன், போட்டுட்டு கொஞ்ச நேரம் படிச்சிட்டு தூங்கிடுவேன். இப்ப ஒரு வீடியோல காபாங்கிறது மூளையோட பிரேக், ஞாபக சக்திக்கு அதான் முக்கியம், காபா மாத்திரை வாங்கி சாப்பிடுங்கன்னு சொல்றாங்க. பிரேக் போட்டா வண்டி நிக்கத்தானே செய்யும், அது எப்படி படிக்க உதவும்? என் தூக்க மாத்திரையும் காபா வழியாத்தான் வேலை செய்யுதுன்னு படிச்சேன். அப்ப அது எனக்கு நல்லதா கெட்டதா?

பதில்: மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல மாத்திரை விஷயம். இந்த பதில படிச்சிட்டு இன்னிக்கு ராத்திரியே அல்பிரசோலத்த நிறுத்திடாதீங்க. மாசக்கணக்கா போடும்போது அந்த மாத்திரை தினமும் வரும்ங்கிற கணக்குலயே மூளை தன்ன மாத்தி வச்சுக்கும், திடீர்னு நிறுத்தினா உள்ள தூக்கமும் போய் படபடப்பு, கை நடுக்கம், சில பேருக்கு ஃபிட்ஸ் வரைக்கும் கூட போகலாம். குறைக்கணும், குறைக்கலாம், ஆனா எழுதிக் குடுத்த டாக்டர் கிட்ட சொல்லி படிப்படியா. ஏன் குறைக்கணும்ங்கிறதுக்கு காரணம் கீழ தானா வரும்.

சரி, பிரேக்குக்கு வருவோம். அந்த வீடியோ எடுத்தவங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வியத்தான் நீங்க கேட்டிருக்கீங்க. மூளைல காபா ஒரு பிரேக்னு சொல்றது தப்பில்ல, ஆனா அது வண்டிக்கு ஒண்ணா இருக்கிற பிரேக் இல்ல. ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியா, ஒரே செல்லுக்குள்ளயே இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு கோடிக்கணக்குல இருக்கு, ஒவ்வொண்ணும் மில்லிசெகண்ட் கணக்குல போட்டு எடுக்கிறது. எங்க போடுறோம், எப்ப எடுக்கிறோம்ங்கிறதுல தான் சங்கதியே இருக்கு. மாத்திரையால எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல அழுத்தத்தான் முடியும், அதனாலதான் "காபா நல்லது"ங்கிறதுக்கும் "காபா மாத்திரை நல்லது"ங்கிறதுக்கும் நடுவுல அவ்ளோ தூரம்.

மூளை மேற்பரப்புல, அதாவது கார்டெக்ஸ்ல, சுமாரா பத்துல எட்டு நியூரான், அதாவது நரம்பு செல், "ஃபயர் பண்ணு"ன்னு பக்கத்து செல்ல தூண்டுற வகை, அதுக்கு குளூட்டமேட்னு ஒரு கெமிக்கல். மீதி ரெண்டு "சும்மா இரு"ன்னு அடக்குற வகை, அதோட கெமிக்கல் தான் காபா. மூளைல காபா இருக்குன்னு தெரிய வந்தது 1950ல தான். வேடிக்கை என்னன்னா காபாவ மூளை செய்யறதே அந்த குளூட்டமேட்ல இருந்து தான், ஒரே ஒரு என்சைம், அதுல இருந்து கொஞ்சத்த வெட்டி விட்டா தூண்டுறது அடக்குறதா மாறிடுது. அந்த என்சைம் வேலை செய்ய விட்டமின் பி6 வேணும். 1950கள் ஆரம்பத்துல அமெரிக்கால ஒரு பால் ஃபார்முலா குடிச்ச கைக்குழந்தைங்களுக்கு திடீர் திடீர்னு ஃபிட்ஸ் வந்துச்சு, காரணம் தேடிப் பாத்தா அந்த ஃபார்முலாவ தயாரிக்கும்போது சூட்டுல பி6 அழிஞ்சு போயிருக்கு, பி6 குடுத்ததும் ஃபிட்ஸ் நின்னுடுச்சு. அடக்குற பக்கம் கொஞ்சம் சரிஞ்சா என்ன ஆகும்னு காட்ட இதவிட நேரடியான உதாரணம் கிடையாது.

இந்த ஃபிட்ஸ்ல தான் உங்க கேள்விக்கு பாதி பதில் இருக்கு. நியூரான் நிறைய ஃபயர் ஆனா நல்லா ஞாபகம் பதியும்னு நினைச்சா, பெரிய ஃபிட்ஸ் வர்ற நேரம் தான் வாழ்க்கைலயே நல்லா பதியற நேரமா இருக்கணும், ஏன்னா அப்ப தான் செல்லுங்க கூட்டமா சேர்ந்து ஃபயர் ஆகுது. ஆனா அந்த நிமிஷத்துல நடந்தது எதுவுமே பேஷன்ட்டுக்கு ஞாபகம் இருக்காது. எல்லாரும் சேர்ந்து ஃபயர் ஆனா அதுல தகவலே கிடையாது. யார் ஃபயர் ஆனாங்க, யார் ஆகலைங்கிற வித்தியாசம் தான் தகவல், அந்த "ஆகல"ங்கிற பகுதிய உண்டாக்குறது இந்த அடக்குற செல்லுங்க.

இது புது ஐடியா இல்ல. ஷெரிங்டன்னு ஒரு பிரிட்டிஷ் விஞ்ஞானி, 1932ல நோபல் வாங்கினப்ப மேடைல அவர் பேசின தலைப்பே அடக்குறதுங்கிறது எப்படி உடம்ப ஒருங்கிணைக்குதுங்கிறது தான். கைய மடக்கணும்னா மடக்குற தசைக்கு ஆர்டர் போனா மட்டும் போதாது, நீட்டுற தசைக்கு "நீ விடு"ன்னும் போகணும். அவர் கிட்ட படிச்ச எக்கிள்ஸ் வருஷக்கணக்கா சினாப்ஸ்ல, அதாவது ரெண்டு நியூரான் சந்திக்கிற இடத்துல, சிக்னல் போறது கரண்ட் மூலமாத்தான், கெமிக்கல் இல்லன்னு சண்டை போட்டுட்டு இருந்தாரு, 1951ல முதுகுத்தண்டு நியூரானுக்குள்ள நுணுக்கமான எலக்ட்ரோட விட்டு, அடக்குற சிக்னல் வரும்போது வோல்டேஜ் தலைகீழா இறங்குறத தன் கண்ணாலயே பாத்தாரு. தன்னோட கரண்ட் தியரி படி அது அப்படி இறங்க வழியே இல்ல. அதோட தன் பக்கத்த விட்டுட்டு எதிர்கட்சில சேர்ந்துட்டாரு, 1963ல நோபலும் வாங்கினாரு. எனக்கு ரொம்ப பிடிச்ச மனுஷன்.

இப்ப அடக்குற செல்லுங்கள்ல ஒரே வகை இல்ல, இத புரிஞ்சுக்கிட்டா மீதி சுலபம். தூண்டுற நியூரானோட உடம்பு மேலயே கூடை மாதிரி சுத்திக்கிட்டு அது ஃபயர் ஆகலாமா வேணாமான்னு முடிவு பண்றது ஒரு வகை, பார்வால்புமின் செல்லுங்கன்னு சொல்லுவோம், ரொம்ப ஃபாஸ்ட், ஒரே செல்லு நூத்துக்கணக்கான பக்கத்து செல்லுங்கள புடிச்சு வச்சிருக்கும். தகவல் உள்ள வர்ற கிளைங்க மேல போய் உக்காந்து எந்த தகவல் உள்ள வரலாம்னு பாக்கிறது இன்னொரு வகை, சொமட்டோஸ்டாட்டின் செல்லுங்க. மூணாவதா விஐபின்னு ஒரு வகை இருக்கு, அதுங்க வேலை முக்கியமா மத்த அடக்குற செல்லுங்கள அடக்குறது. ஆமா, அடக்குறவன அடக்குறது. ஒரு இடத்துல விஐபி செல்லு ஃபயர் ஆனா அங்க பிரேக் விடுபடும். இந்த வார்த்தைங்கள மனப்பாடம் பண்ண வேண்டாம், உடம்பு மேல ஒண்ணு, கிளை மேல ஒண்ணு, பிரேக்க விடுறது ஒண்ணு, அவ்ளோ தெரிஞ்சா போதும்.

பார்வால்புமின் செல்லுங்க ஃபாஸ்டா இருக்கிறதால என்ன லாபம்? ஒரு சிக்னல் வந்து ஒரு செல்ல தூண்டின சில மில்லிசெகண்ட்லயே அதே சிக்னல் பக்கத்துல இருக்கிற அடக்குற செல்லையும் எழுப்பி விட்டுடும், அது உடனே கதவ சாத்திடும். அதனால அந்த சின்ன இடைவெளிக்குள்ள சேர்ந்து வந்த சிக்னல்கள் மட்டும் கணக்குல எடுக்கப்படும், லேட்டா வந்தது வெளிய நிக்கும். ரெண்டு செல்லு கிட்டத்தட்ட ஒரே நேரத்துல ஃபயர் ஆனா தான் அதுக்கு நடுவுல இருக்கிற சினாப்ஸ் பலமாகுதுங்கிறது கத்துக்கிறதோட அடிப்படை விதி, அந்த "ஒரே நேரம்"ங்கிறத அளந்து குடுக்கிறதே அடக்குற செல்லுங்க தான். நீங்க கவனமா ஒரு விஷயத்த பாக்கும்போது செகண்டுக்கு 30ல இருந்து 80 தடவை வரைக்கும் ஓடுற காமாங்கிற மின் அலைங்க மூளைல தெரியும், அதுக்கு தாளம் போடுறதும் இதே செல்லுங்க.

அடுத்தது உங்க ரெண்டு சாப்டர் ஒட்டிக்கிற பிரச்சனை. எலில செஞ்ச பரிசோதனை ஒண்ணு சொல்றேன். ஒரு சத்தம் கேட்டா ஷாக் அடிக்கும்னு எலி கத்துக்கும்போது பயத்த கையாள்ற அமிக்டலாங்கிற மூளைப் பகுதில அந்த ஞாபகத்துல பங்கெடுக்கிறது அந்த பகுதி செல்லுங்கள்ல 10ல இருந்து 20 சதவீதம் தான். யார் உள்ள வரணும்ங்கிறதுக்கு ஒரு போட்டி நடக்குது, அந்த நேரத்துல எந்த செல்லு கொஞ்சம் துடிப்பா இருக்கோ அது ஜெயிக்குதுன்னு 2007ல காட்டினாங்க, ஜெயிச்சவங்க அடக்குற செல்லுங்கள எழுப்பி விட்டு பக்கத்துல இருக்கிறவங்கள உக்கார வச்சுடுறாங்க. 2016ல அந்த பார்வால்புமின் செல்லுங்கள கத்துக்கிற நேரத்துல மட்டும் செயலிழக்க வச்சு பாத்தாங்க, ஞாபகத்துல சேர்ற செல்லுங்களோட கூட்டம் பெருசாயிடுச்சு. கூட்டம் பெருசானா நல்லதுதானேன்னு தோணும். இல்ல, ஒரு ஞாபகத்துக்கு கூட்டம் பெருசா ஆக ஆக அடுத்த ஞாபகத்தோட கூட்டத்துல ஒரே ஆளுங்க வந்து நிக்கிற வாய்ப்பு கூடும், அப்ப ஒண்ண கூப்பிட்டா இன்னொண்ணும் சேர்ந்து வந்து நிக்கும்.

ஞாபகத்த பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ்ங்கிற மூளைப் பகுதில டென்டேட் கைரஸ்னு ஒரு இடம் இருக்கு, அதோட வேலைல முக்கியமானது ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு அனுபவத்த தனித்தனியா பிரிச்சு வைக்கிறது. நேத்து வண்டிய எங்க நிறுத்தினோம், இன்னிக்கு எங்க நிறுத்தினோம்ங்கிறது மாதிரி. அங்க அடக்குறது ரொம்ப கடுமையா இருக்கும், ஒரு நேரத்துல சில சதவீதம் செல்லுங்க தான் பேச அனுமதி. வயசாகும்போது இந்த பகுதில அடக்குறது தளர்ந்து ஹிப்போகேம்பஸ் ஓவரா வேலை செய்ய ஆரம்பிக்குது, பலவீனமான ஞாபகம் இருக்கிறவங்களுக்கு மூளை மந்தமா இருக்கும்னு நாம நினைப்போம், ஸ்கேன்ல பாத்தா அங்க ஆக்டிவிட்டி கூடுதலா இருக்கு. 2012ல அமெரிக்கால லேசான ஞாபகக் குறைபாடு இருந்த வயசானவங்களுக்கு ஃபிட்ஸுக்கு குடுக்கிற லெவெடிரசெட்டம்ங்கிற மருந்த ரொம்ப சின்ன டோஸ்ல குடுத்து பாத்தாங்க, அந்த ஓவர் ஆக்டிவிட்டி குறைஞ்சது, ஒரே மாதிரி படங்கள பிரிச்சு சொல்ற டெஸ்ட்ல மார்க்கும் ஏறிச்சு. இது உங்களுக்கு இல்லைங்க, 41 வயசுல நீங்க அந்த லிஸ்ட்லயே வரமாட்டீங்க, மருந்து கடைக்கு ஓடிடாதீங்க. அடக்குறது குறைஞ்சா ஞாபகம் குழம்பும்ங்கிறதுக்காக சொன்னேன்.

அப்ப காபா கூட கூட நல்லதா? அதுவும் இல்ல. டவுன் சிண்ட்ரோம் மாதிரி உருவாக்கின எலிங்கள்ல பிரச்சனை தலைகீழ், அங்க அடக்குறது அளவுக்கு மீறி இருக்கு, புதுசா சினாப்ஸ் பலமாகவே விடமாட்டேங்குது. காபாவ கொஞ்சம் தடுக்கிற மருந்து குடுத்தப்ப அந்த எலிங்களோட ஞாபகம் தேறிச்சுன்னு 2007ல வந்தது. இதே வழில மனுஷங்களுக்கு ஒரு மருந்து தயார் பண்ணி ட்ரையல் வரைக்கும் போனாங்க, 2016ல அது எதிர்பார்த்த பலன் குடுக்கலன்னு நிறுத்திட்டாங்க. கூடினாலும் தொல்லை, குறைஞ்சாலும் தொல்லை, எலில ஜெயிச்சது மனுஷன்ல ஜெயிக்கணும்னு இல்ல, இந்த மூணையும் அந்த வீடியோ போட்டவர் கிட்ட யாராவது சொன்னா தேவலை.

இப்ப முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம், கத்துக்கிற அந்த நொடி. 2011ல வந்த ஒரு ஆராய்ச்சில எலிக்கு சத்தம் குடுத்து ஷாக் குடுக்கும்போது காது கேக்குற கார்டெக்ஸ்ல என்ன நடக்குதுன்னு பாத்தாங்க. ஷாக் வந்ததும் கார்டெக்ஸோட மேல் அடுக்குல இருக்கிற சில அடக்குற செல்லுங்க முழிச்சுக்குது, அதுங்க கீழ இருக்கிற பார்வால்புமின் செல்லுங்கள அடக்குது, தூண்டுற செல்லுங்களுக்கு அந்த ஒரு சின்ன நேரம் பிரேக் இல்லாம போகுது, அந்த ஜன்னல்ல தான் பதியுது. இந்த விடுபடுறத தடுத்தா எலி சரியா கத்துக்கல. ஷாக் மட்டும் இல்ல, ஒரு விஷயத்துல திடீர்னு கவனம் போறது, எதிர்பாராதது நடக்கிறது, தப்பா சொன்ன பதில்னு தெரிய வர்றது, இப்படி மனசு "அட"ன்னு நிமிர்ற நேரங்கள்ல அசிட்டைல்கோலின்ங்கிற கெமிக்கல் வந்து விஐபி மாதிரி செல்லுங்கள எழுப்பி விட்டு இதே வேலைய செய்ய முடியும்.

ஆக நல்லா கத்துக்கணும்னா மத்த எல்லா இடத்துலயும் பிரேக் இறுக்கமா இருக்கணும், வேண்டிய ஒரு இடத்துல வேண்டிய நேரத்துல மட்டும் விடணும். இங்க தான் அல்பிரசோலம் இடிக்குது. அது காபாவ புதுசா உண்டாக்காது, காபா வந்து ஒட்டுற ரிசெப்டார்ல பக்கத்துல ஒட்டிக்கிட்டு காபாவோட பலத்த எல்லா இடத்துலயும் கூட்டிவிடும், மேல சொன்ன அந்த ஜன்னலும் சேர்ந்து தான் குறுகும். டயசிபாம், மிடசோலம், அல்பிரசோலம் எல்லாம் ஒரே குடும்பம். எண்டோஸ்கோபிக்கு முன்னாடி மிடசோலம் ஊசி போட்டவங்க டாக்டரோட பேசிட்டே இருப்பாங்க, சொன்னத செய்வாங்க, வெளிய வந்ததும் "இன்னும் ஆரம்பிக்கலையா"ன்னு கேப்பாங்க. பழைய ஞாபகம் எதுவும் அழியல, மாத்திரை உள்ள இருக்கும்போது நடந்தது பதியல, அவ்ளோதான். நீங்க மாத்திரை போட்டுட்டு கொஞ்ச நேரம் படிக்கிறேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, உங்க லெட்டர்லயே என்ன ரொம்ப உறுத்தினது அந்த வரி தான். 0.25 சின்ன டோஸ் தான், ஊசி அளவுக்கு துடைச்சு எடுக்காது, இருந்தாலும் மாத்திரைக்கு அப்புறம் படிக்கிறது ஓட்டை பாத்திரத்துல தண்ணி ஊத்துறது தான். மதுவும் இதே ரிசெப்டார்ல கைவைக்கும், ரெண்டையும் சேர்த்து எடுத்தா ஞாபகத்த விடுங்க, மூச்சே நிக்கலாம்.

"மாத்திரைல தூங்கினாலும் தூக்கம் தூக்கம் தானே, ஞாபகம் தூக்கத்துல தானே உறுதியாகும்"னு அடுத்து கேப்பீங்க. தூக்கத்துல ஸ்பிண்டில்னு ஒரு அலை வரும், அத உண்டாக்குறதே மூளை நடுவுல இருக்கிற தாலமஸ்ங்கிற பகுதிய சுத்தி இருக்கிற ஒரு மெல்லிய அடக்குற செல்லுங்களோட படலம் தான், பகல்ல படிச்சத ஹிப்போகேம்பஸ் திருப்பி ஓட்டிப் பாக்கிற சமயமும் இந்த ஸ்பிண்டில் வர்ற சமயமும் ஆழ்ந்த தூக்கத்தோட மெதுவான அலை வர்ற சமயமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பொருந்தணும். இந்த குடும்பத்து மாத்திரைங்க ஸ்பிண்டில கூட்டும், ஆனா அந்த மெதுவான அலைய குறைக்கும். மறுபடியும் அதே கதை தான், அளவு இல்ல பிரச்சனை, பொருத்தம்.

வயசு பயம் பத்தி. 1960கள்ல ஹியூபெல், வீசல்னு ரெண்டு பேர் பூனைக்குட்டியோட ஒரு கண்ண சின்ன வயசுல மூடி வச்சா அந்த கண்ணுக்கான கார்டெக்ஸ் இணைப்பு நிரந்தரமா பலவீனமாகுதுன்னும், பெரிய பூனைக்கு அப்படி ஆகலைன்னும் காட்டினாங்க. ரொம்ப நாள் எல்லாரும் குழந்தை மூளை மாறுறதுக்கு காரணம் தூண்டுற பக்கம் தான்னு நம்பிட்டு இருந்தாங்க. 1998ல ஹென்ஷ்ங்கிறவரோட குழு காபா செய்யற என்சைம்ல ஒரு வகை இல்லாத எலிகள எடுத்து கண்ண மூடி பாத்தாங்க, குட்டியா இருந்தும் ஒரு மாற்றமும் வரல, டயசிபாம் குடுத்ததும் மாற ஆரம்பிச்சது. அதாவது அடக்குற சர்க்யூட் ஒரு அளவுக்கு முதிர்ந்தா தான் அந்த மாறுற காலமே தொடங்குது. உங்க மாத்திரை குடும்பத்துல இருக்கிற அதே டயசிபாம்! இத வச்சு யாராவது "பாத்தீங்களா நல்லது"ன்னு சொன்னா நம்பாதீங்க, அந்த எலிக்கு காபா குறைவு, உங்களுக்கு இல்ல.

அப்புறம் அந்த பார்வால்புமின் செல்லுங்கள சுத்தி வலை மாதிரி ஒரு படலம் படிஞ்சு மாற்றத்த மட்டுப்படுத்துது. 2002ல பெரிய எலிகளுக்கு அந்த வலைய ஒரு என்சைம் போட்டு கரைச்சாங்க, பார்வை கார்டெக்ஸ் திரும்பவும் மாற ஆரம்பிச்சது. கேக்க நல்லா இருக்கும், ஆனா 2009ல அமிக்டலால அதே வலைய கரைச்சப்ப அதுக்கு அப்புறம் கத்துக்கிட்ட பயத்த சுலபமா அழிக்க முடிஞ்சது, வலை தான் ஞாபகத்த அழியாம காப்பாத்துதுன்னு தெரிஞ்சது. பெரியவங்க மூளை இறுக்கமா இருக்கிறது குறை இல்லைங்க, நீங்க இதுவரைக்கும் கத்துக்கிட்ட வேலையெல்லாம் அதால தான் நிக்குது. எக்ஸாமுக்கு படிக்கிறதுக்கு இந்த மாதிரி காலக்கெடு எதுவும் கிடையாது.

ஆனா குழந்தைங்களுக்கு ஒரு விஷயத்துல அனுகூலம் இருக்கு, அது உங்க சாப்டர் பிரச்சனையோட சம்பந்தப்பட்டது. புதுசா கத்துக்கிட்டது ஆரம்பத்துல இளகலா இருக்கும், உடனே அதே மாதிரி இன்னொண்ணு கத்துக்கிட்டா முதல் விஷயம் கலைஞ்சிடும். 2017ல பெரியவங்களுக்கு ஒரு பார்வை பயிற்சி குடுத்து மூளைல குளூட்டமேட்டும் காபாவும் என்ன விகிதத்துல இருக்குன்னு ஸ்கேனர்ல அளந்தாங்க. சரியா வந்ததும் நிறுத்தினவங்களுக்கு தூண்டுற பக்கம் ஓங்கி இருந்தது, அவங்களுக்கு ரெண்டாவது பயிற்சி முதல் பயிற்சிய கெடுத்தது. நல்லா வந்ததுக்கு அப்புறமும் 20 நிமிஷம் விடாம பயிற்சி பண்ணவங்களுக்கு விகிதம் அடக்குற பக்கம் சாஞ்சு, முதல்ல கத்துக்கிட்டது கலையாம நின்னுது, ஆனா உடனே பின்னாடி வந்த ரெண்டாவது சரியா ஏறல. 2022ல 8ல இருந்து 11 வயசு பசங்கள பாத்தப்ப அவங்களுக்கு பயிற்சி நடக்கும்போதே காபா விறுவிறுன்னு கூடுது, சில நிமிஷத்துலயே கத்துக்கிட்டது உறுதியாயிடுது, பெரியவங்களுக்கு அப்படி கூடவே இல்ல. இதெல்லாம் கோடுகள பாத்து கண்டுபிடிக்கிற சின்ன பயிற்சிங்க, ரூல்ஸ் புக் படிக்கிறதுக்கு அப்படியே பொருந்தும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா உங்க அனுபவமும் அதே தான் சொல்லுது, அதனால ஒரே மாதிரி சாப்டர் ரெண்டையும் முட்டி முட்டி வைக்காதீங்க. ஒண்ணு காலைல, இன்னொண்ணு சாயங்காலம் இல்ல மறுநாள், நடுவுல சம்பந்தமே இல்லாத பாடம். ஒரு சாப்டர் பிடிபட்டுச்சுன்னு தோணின உடனே மூடாம இன்னும் கொஞ்ச நேரம் புக்க பாக்காம சொல்லிப் பாருங்க. ரெண்டும் தனித்தனியா நின்னதுக்கு அப்புறம் ஒரு நாள் ரெண்டையும் பக்கத்துல வச்சு எங்க வித்தியாசப்படுதுங்கிறத மட்டும் எழுதுங்க. சொல்லிப் பாக்கும்போது உங்களுக்கு பிடிச்ச பாதிய மட்டும் திரும்பத் திரும்ப சொல்லாதீங்க, ஒரு பகுதிய மட்டும் நினைவுபடுத்திட்டே இருந்தா அதோட சேர்ந்த மத்த பகுதி வலுவிழக்கும்னு 1994லயே காட்டியிருக்காங்க, அதுக்கு காரணம் அடக்குறது தானாங்கிறதுல சண்டை இன்னும் ஓயல, பலன் மட்டும் நிஜம்.

போன தடவை ஃபெயில் ஆன ஞாபகம் வர்றதுக்கு ரெண்டு வார்த்தை. பயம் போயிடுச்சுன்னா அந்த ஞாபகம் அழிஞ்சுடுச்சுன்னு அர்த்தம் இல்ல, பாவ்லோவ் காலத்துலயே தெரிஞ்ச விஷயம் இது, மணி அடிச்சு சாப்பாடு குடுக்காம விட்டா நாய்க்கு எச்சி ஊறுறது நிக்கும், கொஞ்ச நாள் விட்டு அடிச்சா திரும்ப ஊறும். பழசு அப்படியே இருக்க, அது மேல "இப்ப ஒண்ணும் ஆகாது"ன்னு ஒரு புது பாடம் உக்காருது, மூளையோட முன்பக்கத்துல இருந்து வர்ற சிக்னல் அமிக்டலால இருக்கிற அடக்குற செல்லு கொத்துங்கள எழுப்பி பயத்த பிடிச்சு வைக்குது. இந்த புது பாடம் கத்துக்கிட்ட இடத்தோட ஒட்டிக்கும்ங்கிறது தான் தொல்லை, வீட்டுல தைரியமா இருந்துட்டு எக்ஸாம் ஹால்ல நடுங்குறது அதனால தான். அதனால வீட்டு டேபிள்லயே எல்லா மாடல் டெஸ்டும் எழுதாதீங்க, வேற வேற இடத்துல, முடிஞ்சா அறிமுகம் இல்லாதவங்க உக்காந்திருக்கிற ரூம்ல, கடிகாரம் வச்சு எழுதுங்க. வர்ற நினைப்ப வேண்டாம்னு தள்ளுறதும் முடியாத காரியம் இல்ல, ஒரு நினைப்ப நிறுத்தி பழகினா அது மங்குதுன்னு 2001ல ஆண்டர்சன், கிரீன் ரெண்டு பேரும் காட்டினாங்க, ஹிப்போகேம்பஸ்ல காபா நிறைய இருக்கிறவங்களுக்கு அது நல்லா வருதுன்னு 2017ல தெரிஞ்சது. ஆனா பரிசோதனைல நிறுத்தினது சாதாரண வார்த்தைங்க. உங்க விஷயத்துல நான் மாடல் டெஸ்ட் பக்கம் தான்.

காபா சப்ளிமென்ட்: பணம் தண்டம். வாய் வழியா சாப்பிடுற காபா ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள போறது சொற்பம், போனாலும் மேல சொன்ன அதே எல்லா இடத்துலயும் அழுத்துற பிரச்சனை தான். பி6 தான் காபாவுக்கு மூலம்னு அத கிலோ கணக்குல விழுங்குறவங்களும் இருக்காங்க, குறைபாடு இல்லாதவங்களுக்கு அதுல லாபம் இல்ல, பெரிய டோஸ் ரொம்ப நாள் எடுத்தா கை கால் நரம்பு கெட்டுப் போகும், அந்த மாதிரி கேஸ் எங்க கிட்ட வருது.

தூக்கத்துக்கு என்ன பண்றதுன்னா, நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்ல, சிபிடி-ஐன்னு ஒரு பேச்சுவழி பயிற்சி, சில வாரம் தான் ஆகும், எந்திரிக்கிற நேரத்த தினமும் ஒண்ணா வைக்கிறது, படுக்கைல தூக்கம் தவிர வேற வேலை வைக்காததுன்னு பழக்கத்த மாத்துறது. மாத்திரைய குறைக்கும்போது இது கூட இருந்தா இறங்குறது சுலபம். எக்ஸாமுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது குறைக்க ஆரம்பிக்காதீங்க, நடுவுல தூக்கம் கெடுற நாட்கள் வரும், அதுக்கு இடம் விட்டு இப்பவே பேசுங்க. அதுவரைக்கும் ராத்திரி படிப்ப மாத்திரைக்கு முன்னாடியே முடிச்சிடுங்க, புது பாடத்த காலைக்கு தள்ளுங்க. ஒரு வாரத்துக்கு மாத்திரை எத்தனை மணிக்கு போட்டீங்க, அதுக்கு முன்ன படிச்சது எது, காலைல அதுல எவ்வளவு நிக்குதுன்னு ஒரு பேப்பர்ல குறிச்சு, உங்க டாக்டர் கிட்ட போகும்போது கைல எடுத்துட்டு போங்க, எவ்வளவு வேகமா குறைக்கலாம்னு அவர் முடிவு பண்ண அது உதவும்.